கடைசிப் பெட்டிக்கு விலக்கு

போத்தனூர்
20-8-1994

அன்பு மகள் ஜெனிதாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது நீ கொடுத்தனுப்பிய தேங்காய்ப் பை கிழிந்து, காய்கள் ஸ்டாண்டு முழுக்க உருண்டுவிட்டன. ஒரு கண்டக்டர் குனிந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "ஏனுங்க பெரியவரே, தேங்கா விக்கறீங்களா, வெதைக்கறீங்களா?" என்று கேட்டார். நான் நன்றி சொன்னேன். இதைக் கேட்டு உன் அம்மா இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

பாப்பாவுக்குச் சளி விட்டதா? இரவில் ஜன்னலைச் சாத்தி வை. ஆலையின் தூசி அந்தப் பக்கமாகத்தான் வருகிறது.

அன்று நீ சமையலில் இருந்தாய். ஆலை ரயில் போகும் மேட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. அம்மா கேட்டாள், அவளிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். சுண்ணாம்புக் கல் ஏற்றி வரும் ஆலை ரயிலின் கடைசியில் பிரேக் வேன் என்னும் பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதில் கையால் சுற்றும் பிரேக்கும் ஒரு கார்டும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வேனை எடுத்துவிட்டால் கூடுதலாக இரண்டு வண்டி கல் இழுக்கலாம் என்பதால் ஆலை விதிவிலக்குக் கேட்டிருக்கிறது. வண்டித்தொடர் நடுவில் அறுந்தாலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் ஆள் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதைச் சோதித்துப் பார்த்து, பிரேக் வேலையில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவர் சான்று தர வேண்டும். மாப்பிள்ளை என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ரயில்வேயில் நான் செய்ததெல்லாம் அந்த வேலைதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

இறக்கத்தில் கல் ஏற்றிய வண்டிகளை என்ஜினிலிருந்து கழற்றி விட்டோம். பிரேக் உடனே பிடித்தது. வண்டிகள் அசையாமல் நின்றன. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை அருகில் வந்து, "மாமா, ஜெனி ரெண்டு வாட்டி ஆள் அனுப்பிப்போட்டா. மேனேஜரும் பசியில இருக்காருங்க. வண்டிதான் நின்னுருச்சுங்களே?" என்றார். மேனேஜர் பாலகோபால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை பேரைக் காக்க வைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பிட வந்துவிட்டோம்.

உன் மீன் குழம்பைப் பற்றி மேனேஜர் சொன்னதை நீ கேட்டிருப்பாய். எனக்கும் பெருமையாக இருந்தது. சாப்பிட்டு முடித்துச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். ஒரு சிறு சந்தேகம் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புள்ள அப்பா,
தாமஸ்

*

வெள்ளக்கரடு ஆலைக் குடியிருப்பு
27-8-1994

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தேங்காய்க் கதையை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "மாமா அந்தக் கண்டக்டர்கிட்ட ஸாரி கேட்டிருப்பாரே" என்றார். கேட்டீர்கள்தானே?

பாப்பாவுக்குச் சளி இல்லை. இப்போது எழுந்து நிற்கிறாள். நின்றவுடன் தானே கை தட்டிக்கொள்கிறாள், கை தட்டியதும் விழுந்துவிடுகிறாள்.

இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அனுமதி வந்துவிட்டால் ரயில் பிரிவு முழுவதற்கும் அவரையே தலைவராகப் போடப் போவதாக மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். மூன்று வருடமாக "தற்காலிகம், தற்காலிகம்" என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போய்விட்டது, அப்பா. வேனில் போகும் கார்டு ஷாநவாஸ் அண்ணனை எடை மேடைக்கு மாற்றுகிறார்கள். சம்பளம் அதேதான். நேற்று வழியில் பார்த்து, "உங்கப்பாவுக்கு என்ற சலாம் சொல்லிப்போடுங்க அம்மணி. இத்தன வருசமா புழுதி தின்னதுக்கு இனி ஃபேன் காத்துல உக்காந்துக்குவேனுங்க" என்றார். பாருங்கள், வேனில் போகிறவருக்கே அது வேண்டாம்.

சிறு சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவர் நீங்கள். சிறு வயதில் சர்ச்சுக்கு நாம் தாமதமாகப் போனதெல்லாம் அந்தப் பூட்டால்தான். இதையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செல்ல மகள்,
ஜெனிதா

*

போத்தனூர்
6-9-1994

அன்பு ஜெனிதாவுக்கு,

நீ எழுதியது உண்மை. பூட்டு விஷயத்தில் நான் அப்படித்தான். அதனால் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு மறந்துவிடலாம் என்று ஒரு வாரம் முயன்றேன். முடியவில்லை.

உனக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். என்ஜினிலிருந்து கழன்ற வண்டியில் பிரேக் பிடிப்பது உண்மை. ஆனால் அந்தப் பிடி நிரந்தரமானது இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் உள்ள உருளையில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் இருக்கும். அதன் பலத்தில்தான் பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்துகிறது. ரப்பர் வளையம் பழசாகிவிட்டால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். கசியக் கசியப் பிடி தளரும். சமதரையில் அதனால் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில், கல் ஏற்றிய வண்டி என்றால், நின்ற வண்டி மறுபடி உருளும். அதற்குள் கையால் பிரேக்கைச் சுற்றவும், சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும்தான் கடைசியில் ஒரு ஆள். நான் ஒரு மணி நேரமாவது நிற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அந்த இறக்கத்தின் அடியில் ஆனைமலை ரோடு குறுக்கே போகிறது. அங்கே கேட் கிடையாது. கொடி பிடித்து ஒரு ஆள் நிற்கிறான். அமாவாசையன்று மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்கள் எத்தனை என்று நீயே பார்த்திருக்கிறாய்.

என் பயம் வெறும் பயமாகவும் இருக்கலாம். உங்கள் வண்டிகளின் ரப்பர் புதியதாக இருந்தால் அரை நாள்கூட நிற்கும். எனக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். உன் அம்மா பொறுமை இழந்து, "வேன் வேணும்னா வேணும்னு சொல்லோணும், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லோணும். நடுவுல நின்னு மென்னு முழுங்கீட்டு இருந்தா என்ன அர்த்தம்?" என்கிறாள்.

நீ அவரிடம் பேசிப் பார்ப்பாயா? சத்தமில்லாமல் இன்னொரு முறை சோதித்தால் போதும். நான் வருகிறேன். இந்த முறை எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

அன்புள்ள அப்பா

*

வெள்ளக்கரடு
13-9-1994

அப்பாவுக்கு,

பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

முதலில் சிரித்தார். "மாமாவுக்கு ராத்திரி தூக்கம் வரலயாக்கும்" என்றார். நீங்கள் எழுதியதை வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது நானு. இல்லைங்கல. ஆனா பேனாவப் புடிச்சுக் கையெழுத்துப் போட்டது ஆரு? நானா அவரு கையப் புடிச்சு எழுத வெச்சேன்?" என்றார். பிறகு என்னையே பார்த்து, "உங்கப்பனுக்கு எல்லாஞ் சந்தேகம். ஒன்னு கேக்கட்டுமா? உன்னைய எனக்குக் கட்டிக் குடுக்கறப்போவும் சந்தேகப்பட்டாரா?" என்றார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அனுமதி வந்துவிட்டது, அப்பா. அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேன் இல்லாமல் ரயில் ஓடும். அவருக்கும் பதவி உத்தரவு கைக்கு வந்துவிட்டது. இப்போது இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று அவரே போய்ச் சொன்னால், ஏன் என்று கேட்க மாட்டார்களா? சோதித்தவர் யார் என்று கேட்க மாட்டார்களா? விண்ணப்பத்தில் உங்களை ஓய்வுபெற்ற நிபுணர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். மாமனார் என்று எங்கும் எழுதவில்லை. மேனேஜருக்குத் தெரியும், நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தானே. ஆனால் வெளியே தெரிந்தால் அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வார். மாட்டிக்கொள்வது உங்கள் மாப்பிள்ளை மட்டும்தான்.

இத்தனை வருடங்களில் இந்த லைனில் வண்டி அறுந்ததே இல்லையாம். ஒருமுறைகூட இல்லை. தயவுசெய்து இதை இதோடு விட்டுவிடுங்கள், அப்பா.

ஜெனிதா

*

போத்தனூர்
18-9-1994

அன்பு ஜெனிதாவுக்கு,

மாப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. கையெழுத்து என்னுடையதுதான். அதனாலேயே அதைத் திரும்ப வாங்கவேண்டியவனும் நான்தான் என்று தோன்றுகிறது.

மாமனார் என்று எழுதாமல் விட்டது எனக்குத் தெரியாது, அம்மா. கேட்டிருக்க வேண்டும். அதையும் கேட்கவில்லை.

விலக்குக் கொடுத்த பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். என் சான்றைத் திரும்பப் பெறுகிறேன், போதிய நேரம் சோதிக்கவில்லை, மறுபடி சோதிக்கும்வரை விலக்கை நிறுத்தி வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நேற்று தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

லைனில் வண்டி அறுந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். அறுந்ததே இல்லை என்பதற்காக இனியும் அறுந்துவிடாது என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் உன் வீட்டை நினைத்தால் உறையை மறுபடி அலமாரியில் வைத்துவிடுகிறேன். பாப்பாவை நினைத்தாலும் அப்படித்தான். ஒரு பக்கம் நடக்காமலே போகக்கூடிய ஒன்று. மறு பக்கம் நிச்சயமாக நடக்கப்போகும் ஒன்று. எது பெரிது என்று இந்த வயதிலும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மாப்பிள்ளையே மறுசோதனை கேட்டுவிட்டால் என் கடிதத்துக்கு அவசியம் இருக்காது. அவருக்கும் அது கௌரவம். இன்னொரு முறை சொல்லிப் பார். உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். நீ அனுப்ப வேண்டாம் என்றால்... தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அப்பா

*

வெள்ளக்கரடு
22-9-1994

அப்பாவுக்கு,

இன்னொரு முறை சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே எழுதுகிறேன். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னால் அனுப்பாமல் இருப்பீர்கள். நாளைக்கு அந்த ரோட்டில் ஏதாவது நடந்தால் அது என்னால் நடந்ததாகிவிடும். அனுப்புங்கள் என்று சொன்னால், என் புருஷன் வேலையை நானே பறித்ததாகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் மகள் சொன்னதைக் கேட்டவர் ஆகிவிடுவீர்கள். அன்று மேட்டில் எல்லாருடைய முகத்தையும் பார்த்து வந்துவிட்டீர்கள். இப்போது என் முகத்தைப் பார்க்கிறீர்கள்.

காலையில் ரயில் போகும் சத்தம் கேட்டால் பாப்பா ஜன்னலைக் காட்டுவாள். கடைசியில் வரும் வேனிலிருந்து ஷாநவாஸ் அண்ணன் பச்சைக் கொடியை ஆட்டுவார், இவள் கை தட்டுவாள். இந்த வாரம் முழுக்க அந்த வேன் கண்ணில் பட்டாலே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலை விட்டு வந்துவிடுகிறேன். இதற்கு முன் அதை நான் கவனித்ததே இல்லை. இந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான்.

அனுப்புங்கள், இல்லை கிழித்துப் போடுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

ஜெனிதா

*

போத்தனூர்
24-9-1994

ஜெனிதாவுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்தவுடன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அம்மாவிடமும் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன்.

அனுப்பும் முன் உறையைப் பிரித்து ஒரு வரி சேர்த்தேன். சான்று கொடுத்த தாமஸ், ரயில் பிரிவு அலுவலர் ஜேக்கின் மாமனார் என்று எழுதினேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அதுவும் அரைகுறைச் சோதனையாகத்தான் இருக்கும். உன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நேரத்துக்கு முன்பே நான் முடித்துக்கொண்டேன், பிழை என்னுடையது என்று எழுதினேன்.

நீ சொன்னதால் அனுப்பவில்லை. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் அனுப்பியிருப்பேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

அப்பா

*

போத்தனூர்
6-11-1994

அன்பு ஜெனிதாவுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. அம்மா தினமும் தபால்காரரைப் பார்த்து, "ஏனுங்க, எங்கூட்டுக்கு ஒன்னுமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறாள்.

என் கடிதம் கிடைத்தது என்று மட்டும் அதிகாரியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வேன் இன்னும் ஓடுகிறதா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? பாப்பா நடக்கிறாளா?

அப்பா

*

வெள்ளக்கரடு
4-12-1994

அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கோபத்தில் பாதி, என்ன எழுதுவதென்று தெரியாமல் பாதி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும்.

உங்கள் கடிதம் போன பிறகு விலக்கை நிறுத்தி வைத்தார்கள். வேன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. போன வாரம் லட்சுமணசாமி என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி மறுசோதனைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கூடவே மடக்கு நாற்காலி ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். வண்டி ரோடுவரை போய்விடாமலிருக்க, கீழே தண்டவாளத்தின் குறுக்கே மணலைக் கொட்டிக் குவித்தார்கள். இரண்டு பக்கமும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் நின்றேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை.

வண்டிகளைக் கழற்றினார்கள். பிடித்துக்கொண்டு நின்றன. மேனேஜர் பாலகோபால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா சார், மலையாட்ட நிக்குது. ஒரு பெரியவருக்குத் தூக்கம் வரலீன்னு நாம இத்தன பேரும் வெயில்ல காயறோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். அதிகாரி நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். "நிக்கட்டுங்க. நமக்கென்ன அவசரம்" என்றார். டீ வந்தது. மேனேஜர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றார். மேனேஜரும் போகவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வண்டி அசையவில்லை. அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள், அப்படியே ஆகட்டும் என்று அப்போது ஜெபம்கூட செய்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். "என்னுங்க நடக்குது? சினிமா எடுக்கறாங்களா?" என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டார்.

உங்கள் மாப்பிள்ளை கடைசி வண்டியின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். திடீரென்று கையை எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அவர்தான் முதலில் கத்தினார்: "வெலகுங்க! எல்லாரும் வெலகுங்க!" எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல், திரும்பியது. அப்புறம் வேகம் பிடித்தது. எல்லா வண்டியும் மணலுக்குள் போய் மோதின. முதல் வண்டி மணலையும் தாண்டி, தடம் புரண்டு, தார் ரோட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது. புழுதி அடங்கியதும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கை தட்டினார்கள், அப்பா. அவர்களுக்கு என்ன தெரியும். பாப்பாவும் தட்டினாள்.

விலக்கை ரத்து செய்துவிட்டார்கள். எடை மேடைக்குப் போக முடியாமல் ஷாநவாஸ் அண்ணனுக்கு வருத்தம்தான். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மாப்பிள்ளையை ரயில் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி தற்காலிகம்தான். இந்த வீட்டையும் இம்மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

அவர் உங்கள் பேரை எடுப்பதில்லை. ஒரே ஒரு நாள் தானாகச் சொன்னார். "அன்னிக்கே இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானு நின்னிருப்பேன். என்னைய அவரு அவ்வளவு மோசமா நெனச்சுப்போட்டாரு." நின்றிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றிருப்பார் என்று நம்பிக்கொண்டுதான் அவரோடு இருக்கிறேன். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தபாலில் சேர்த்ததற்கு இல்லை. அன்று சொல்லாத அந்த ஒரு வார்த்தைக்கு.

கிறிஸ்துமஸுக்கு நீங்களும் அம்மாவும் இங்கே வர வேண்டாம். வந்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். என்னால் அதைப் பார்க்க முடியாது.

நானே வருகிறேன். பண்டிகை முடிந்த மறுநாள் காலைப் பஸ்ஸில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அவரிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், அங்கே காலையில் குளிரும் என்றார்.

ஜெனிதா